ஹைலக்ஸை இறக்கிய வேலை: முறுக்குக் கம்பியும் ஒரு துண்டுத் தகடும்

அம்மாவுக்கு இடது முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம். யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போகிற நாட்களில் அவரை எங்கள் டபுள் கப் பிக்கப்பில் ஏற்றுவதுதான் அன்றைய பெரிய வேலை. முற்றத்தில் ஒரு சீமெந்துக் கல்லை வைத்து, அதன்மேல் ஏறி, கைப்பிடியைப் பிடித்து, நான் பின்னால் தாங்க, ஒருமாதிரி இருக்கையில் அமர்வார். ஒரு நாள் கல் சரிந்துவிட்டது. நான் பிடித்திருந்ததால் விழவில்லை. "தம்பி, இனி பஸ்ஸிலயே போவம்" என்றார். அன்று பின்னேரமே அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வாகனத்தடியில் படுத்துவிட்டேன்.

வாகனம் 2001ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், எல்என் 166, ஃபோர் வீல். பாவித்த வாகனமாகத்தான் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் இரணைமடுவின் கீழே வயல் செய்தவர். மாரியில் வரம்பு, வாய்க்கால், சேறு எல்லாம் தாண்ட வேண்டுமென்று நன்றாக உயர்த்தி வைத்திருந்தார். அவருடைய தேவைக்கு அது சரியான வேலை. என்னுடைய ஓட்டமோ கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஏ9 வீதியில். ஆனையிறவில் பக்கக்காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. விற்றுவிட்டு வேறு எடு என்று சொன்னவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஏறத் தொடங்கிய விலை, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்த பிறகும் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டவில்லை. இருக்கிற வாகனத்தைத்தான் இறக்க வேண்டும்.

முதலில் அளந்தேன். நிலத்திலிருந்து அளந்தால் ரயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். ஆகவே சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நேர்மேலே அளக்க வேண்டும். முன் இடது 548 மில்லிமீற்றர், முன் வலது 541, பின்னால் இரண்டு பக்கமும் 570ஐ ஒட்டி. ஊரில் ஒருவரிடம் யாரும் கைவைக்காத அதே மாதிரி ஹைலக்ஸ் நின்றது. கேட்டுப்போய் அளந்தேன். முன்னால் 500, பின்னால் 525. ஆக, நாலரை சென்ரிமீற்றர் உயர்த்தப்பட்டிருக்கிறது. முழங்கால் மடியாத ஒருவருக்கு அந்த நாலரை சென்ரிமீற்றர்தான் ஒரு கல்.

இந்த ஹைலக்ஸின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிறிங் கிடையாது. டோர்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பிதான் பாரத்தைத் தாங்குகிறது. சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின் ஓரமாக நீளவாக்கில் கிடக்கும் தடித்த உருக்குக் கம்பி. அதன் முன்முனை, சில்லைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளில் மேல் கையோடு பூட்டப்பட்டிருக்கும், பின்முனை கியர்பெட்டிக்குக் கீழே போகிற குறுக்குச் சட்டத்தில் ஒரு சிறிய நெம்புகையில் பூட்டப்பட்டிருக்கும். சில்லு மேலே ஏறும்போது கம்பி முறுகும், அந்த முறுக்கே ஸ்பிறிங். நெம்புகையின் போல்ட்டை இறுக்கினால் வாகனம் உயரும், தளர்த்தினால் இறங்கும். ஒரு ஸ்பனர் போதும் என்பதால்தான் எல்லாரும் இதில் கைவைக்கிறார்கள்.

இங்கே பலரும் பிழையாக நினைக்கிற ஒன்று இருக்கிறது. போல்ட்டை இறுக்கினால் கம்பி கடினமாகும், தளர்த்தினால் மென்மையாகும் என்பார்கள். கம்பியின் கடினம் அதன் தடிப்பிலும் நீளத்திலும் இருக்கிறது, போல்ட்டில் இல்லை. அப்படியானால் உயர்த்திய வாகனம் ஏன் அப்படித் தூக்கிப் போடுகிறது? சில்லு கீழே இறங்க இடமில்லாததால். உயர்த்தும்போது மேல் கை தன்னுடைய கீழ் எல்லையில் இருக்கும் ரப்பருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பள்ளம் வந்தால் சில்லு இறங்கிப் பள்ளத்தைத் தொட வேண்டும். ஆனால் கை உடனே ரப்பரில் முட்டி, முழு வாகனமும் 'டக்' என்று பள்ளத்துக்குள் விழும். என் வாகனத்தில் அந்த ரப்பருக்கும் கைக்கும் இடையில் ஒரு தீப்பெட்டியைக்கூட நுழைக்க முடியவில்லை. ஷொக் அப்சோபரும் முழுக்க நீண்ட நிலையிலேயே நின்று, இடது பக்கத்து சீல் எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது. முன் ஆக்சில் மூட்டை மூடுகிற ரப்பர் உறையான பூட்ஸில் மடிப்புக்கு மடிப்பு வெடிப்பு. சரிவான கோணத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் ரப்பர் வேறென்ன செய்யும்.

எங்கள் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் அண்ணையிடம் போய்க் கதைத்தேன். நாற்பது வருடமாக இதே வேலை செய்கிறவர். "பழைய உயரத்துக்குக் கொண்டு வாரும். அதுக்குக் கீழ போகாதையும்" என்றார். காரணத்தையும் சொன்னார். ஃபோர் வீல் வாகனத்தில் முன்சில்லு இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற முன் டிபரென்ஷல் சேசிஸோடு பூட்டப்பட்டிருக்கிறது, சில்லு மட்டும் ஏறி இறங்கும். உயர்த்தினால் ஆக்சில் கீழ்நோக்கிச் சரியும். மிஞ்சி இறக்கினால் மேல்நோக்கிச் சரியும், டிபரென்ஷல் நிலத்தை நெருங்கும், சில்லு மேலே ஏறுகிற எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பர் வரை மிஞ்சுகிற இடமும் போய்விடும். பின்னால் அடுக்குத் தகடாக இருக்கிற ஸ்பிறிங் பிளேட்டுக்கு மேலே ஆக்சிலைத் தூக்கிக் கட்டி ஐந்து ஆறு அங்குலம் இறக்குகிற முறை ஒன்று உண்டு. அது இரண்டு சில்லு இழுவை பிக்கப்பை அழகுக்கு இறக்குகிறவர்களுடைய வழி. எனக்கு வேண்டியது அம்மாவின் கால் எட்டுகிற படி. ஆகவே 500, 525 என்ற இரண்டு எண்களையும் சுவரில் எழுதிவிட்டுத் தொடங்கினேன்.

முன்பக்கம் ஒரு சனிக்கிழமை முழுவதும் எடுத்தது. அதற்கு முந்திய மூன்று இரவும் போல்ட் இரண்டையும் கம்பித் தூரிகையால் துடைத்து, மண்ணெண்ணெயும் கியர் எண்ணெயும் கலந்து ஊறவிட்டேன். இருபது வருடச் சேறு காய்ந்து அந்தப் புரியில் கல்லாக இருந்தது. அவசரப்பட்டு அப்படியே திருப்பியிருந்தால் புரி உரிந்திருக்கும். இது முழுப் பாரத்தில் நிற்கிற போல்ட். புரி போனால் நெம்புகை துள்ளி அடிக்கும், முகத்துக்கு நேரே. அதனால் கம்பியின் பின்முனைக்கு நேர்கீழே எப்போதும் படுக்கக்கூடாது, பக்கவாட்டில் இருந்துதான் கைநீட்ட வேண்டும். பாரத்தோடு திருப்பவும் கூடாது. சேசிஸைத் தாங்கியில் வைத்து, முன்சில்லு இரண்டும் தொங்கும்படி விட்டால் கம்பியின் முறுக்குப் பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஸ்பனர்.

திருப்புவதற்கு முன் வெளியே தெரிகிற புரியின் நீளத்தை அளந்து எழுதினேன். போல்ட் தலையில் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு. மூன்று சுற்றுத் தளர்த்தி வாகனத்தை இறக்கிப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை! கொஞ்ச நேரம் குழம்பினேன். பிறகுதான் புரிந்தது. ஜக்கிலிருந்து இறங்கும்போது சில்லு இரண்டும் உள்ளே ஒடுங்கியபடி சீமெந்தில் ஒட்டி நிற்கின்றன. ரயர் பக்கவாட்டில் வழுக்க முடியாததால் வாகனம் தன் உண்மையான உயரத்துக்கு இறங்கவில்லை. பத்து மீற்றர் முன்னே போய், பத்து மீற்றர் பின்னே வந்து, பம்பரில் நாலு தரம் அழுத்தி விட்டால்தான் அது சரியாக உட்காரும். அதன்பின் அளந்தேன், இடது பக்கம் 533. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர்.

ஒரு பக்கத்தை இறக்கினால் மற்றப் பக்கமும் கொஞ்சம் அசையும். ஆகவே ஒரே அடியில் முடிக்கப் பார்க்கவில்லை. இடது கொஞ்சம், வலது கொஞ்சம், உருட்டு, அழுத்து, அள. ஆறு தரம் இப்படி. கடைசி இரண்டு தரமும் என் தம்பியைச் சாரதி இருக்கையில் இருக்கச் சொல்லி அளந்தேன். வாகனம் பெரும்பாலும் ஒருவரோடுதான் ஓடுகிறது. முடிவில் இடது 502, வலது 501. ரப்பருக்கும் கைக்கும் இடையில் இப்போது என் இரண்டு விரல் தாராளமாகப் போகிறது. நாள் முழுவதும் செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த இரண்டு விரல் இடைவெளிதான்.

கம்பியைக் கழற்ற நேர்ந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். இடதும் வலதும் ஒன்றல்ல. முனையில் எழுத்துக் குத்தியிருப்பார்கள். ஒரு திசையில் முறுகிப் பழகிய கம்பியை மறுதிசையில் போட்டால் முறிந்துவிடலாம்.

பின்பக்கம் அடுத்த வாரம். பழைய உரிமையாளர் பின்னால் இரண்டு வேலை செய்திருந்தார். ஒவ்வொரு பக்கமும் ஸ்பிறிங் கட்டில் ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டிருந்தார், ஸ்பிறிங்கின் முனையைச் சேசிஸோடு கோர்க்கிற ஷக்கிளையும் 50 மில்லிமீற்றர் நீளமாக மாற்றியிருந்தார். ஷக்கிள் ஸ்பிறிங்கின் ஒரு முனையை மட்டும்தான் தள்ளுகிறது. அதனால் 50 நீட்டினால் நடுவில் இருக்கும் ஆக்சிலுக்கு அதில் பாதிதான் வரும், 25. மிச்சம் 20 அந்தப் பிளேட்டின் கணக்கு.

சேசிஸைத் தாங்கியில் வைத்து, ஆக்சிலைத் தனியாக ஜக்கில் ஏந்தி, ஸ்பிறிங்கில் பாரமே இல்லாத நிலைக்குக் கொண்டுவந்தேன். ஸ்பிறிங் கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட் நாலும் கழன்று வர மறுத்தன. எரிவாயுவால் சுடலாம் என்றார்கள். பக்கத்தில் எரிபொருள் தாங்கி இருக்கிறது. வாளால் அறுத்தேன், இரண்டு வாள் அலகு தேய்ந்தது. யூ போல்ட் எப்படியும் மறுமுறை பாவிக்கிற பொருள் இல்லை, ஒருமுறை இழுபட்டால் நீண்டுவிடும். கூடுதல் பிளேட் போனதும் கட்டு மெலிகிறபடியால் பழைய நீளப் போல்ட்டைப் போட்டால் நட் புரி முடிகிற இடத்தில் நின்று, இறுகின மாதிரிக் காட்டும். ஆனால் கட்டு இறுகியிராது. குறைந்த நீளத்தில் புதிதாக வாங்கினேன்.

கட்டின் நடுவிலுள்ள சென்டர் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஜி கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். பிளேட் ஒவ்வொன்றும் வெவ்வேறு வளைவில் இருக்கிறது. போல்ட்டை விட்டவுடன் கட்டு வாய்பிளந்து துள்ளும். கிளாம்பை மெதுவாகத் தளர்த்தி, கூடுதல் பிளேட்டை உருவி, மற்றவற்றின் துருவைத் தேய்த்து, முனைகளில் கிரீஸ் பூசி மறுபடி கட்டினேன். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையில் இருக்கிற துளைக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று கைவிரலால் தடவிப் பார்த்தேன். அது ஓரத்தில் ஏறி நின்றால் ஆக்சில் கோணலாகப் போய்விடும்.

ஷக்கிளுக்கு யாழ்ப்பாணத்தில் பழைய உதிரிப்பாகக் கடையில் ஒரிஜினல் ஜோடி ஒன்று கிடைத்தது. அதன் துளைக்குள் இருக்கிற ரப்பர் புஷ் புதிது. இந்தப் புஷ் போல்ட்டைத் தொங்குகிற நிலையில் முற்றாக இறுக்கக்கூடாது. ரப்பரின் உள்வளையம் அந்தக் கோணத்திலேயே பிடிபட்டுவிடும். வாகனம் இறங்கியதும் ரப்பர் முறுகி, எந்நேரமும் அந்த முறுக்கோடே இருந்து சில மாதத்தில் கிழியும். நட்டைக் கையால் மட்டும் போட்டு, வாகனத்தைச் சில்லில் இறக்கி, பின்பெட்டியில் ஏறி இரண்டு தரம் குதித்து, அதன்பின் கீழே போய் இறுக்கினேன். பின்பக்கம் இரண்டும் 524.

மாலை வெளிச்சத்தில் தள்ளி நின்று பார்த்தபோது வாகனம் வடிவாக, நேராக நின்றது. அம்மா வந்து கதவைத் திறந்து, கல் இல்லாமல் வலது காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறினார். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி, இன்னொரு தரம் ஏறிப் பார்த்தார்.

வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சிறுமழை. வெறும் பெட்டியோடு, உட்பக்கக் கிரவல் வீதியில் நாற்பதில் வந்துகொண்டிருந்தேன். ஒரு மாடு குறுக்கே வந்தது. வழக்கமாக மிதிக்கிற அளவுக்குத்தான் பிறேக்கை மிதித்தேன். பின்சில்லு இரண்டும் அப்படியே பூட்டிக்கொண்டன. வாகனத்தின் வால் இடப்பக்கம் சுழன்று, வாய்க்கால் கட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. மாடு போய்விட்டது. எனக்குக் கை நடுங்க ஐந்து நிமிடம் அங்கேயே இருந்தேன். அடுத்த கிளினிக் நாள் நாலு நாளில்.

அண்ணையிடம் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பின் ஆக்சிலில இருந்து ஒரு கம்பி மேல போகுதே, அதைப் பாத்தனீரோ?"

பார்த்திருந்தேன், ஆனால் கவனிக்கவில்லை. அது பிறேக் எண்ணெய் வால்வின் கம்பி. வால்வு சேசிஸில் இருக்கிறது, கம்பியின் மறுமுனை ஆக்சிலில். பின்பெட்டியில் நெல்மூட்டை ஏற்றினால் சேசிஸ் தாழ்ந்து ஆக்சிலை நெருங்கும். கம்பியின் கோணம் மாறும். வால்வு அதைப் பார்த்து, பாரம் இருக்கிறது என்று கணக்கிட்டுப் பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வெறும் வாகனத்தில் பின்பக்கம் இலேசாக இருக்கிறபடியால் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும். அதற்கு உயரம் ஒன்றுதான் தெரியும். உயரத்தை மாற்றினால் அதன் கண்ணுக்குப் பாரம் மாறிவிட்டது.

பழைய உயரத்துக்குத்தானே கொண்டுவந்தேன், வால்வும் பழைய கணக்குக்குத்தானே திரும்ப வேண்டும்? அதுதான் என் கேள்வியும். இருவரும் ரோச் லைற்றோடு கீழே படுத்தோம். ஆக்சிலில் கம்பி பூட்டுகிற கொழுக்கியின் அடியில் ஒரு துண்டுப் பட்டைத் தகடு. ஆக்சிலின் அதே கறுப்புப் பெயின்ற். இரண்டு முனையிலும் துளை, ஓரமெல்லாம் அரத்தால் வழித்து உருட்டியிருந்தது. அளந்தால் 45 மில்லிமீற்றர். வாகனத்தை 45 உயர்த்திய அந்த மனிதர், வால்வு ஏமாறாமல் இருக்கக் கம்பியின் கால்முனையையும் அதே 45 உயர்த்திப் பூட்டியிருக்கிறார். எவ்வளவு பொறுப்பாகச் செய்திருக்கிறார். நான் வாகனத்தை மட்டும் இறக்கிவிட்டு, அவர் தூக்கி வைத்ததை அப்படியே விட்டேன். வெறும் வாகனத்தில் வால்வுக்கு எந்நேரமும் முழுப் பாரம் தெரிந்தது. ஈரக் கிரவலில் பின்சில்லு பூட்டாமல் என்ன செய்யும்?

தகட்டைக் கழற்றிக் கொழுக்கியை நேராக ஆக்சிலில் பூட்ட அரை மணித்தியாலம். வால்வின் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பார்ப்பதுதான் முழுமையான முறை, அது இங்கே எவரிடமும் இருக்கவில்லை. அதனால் ஆளில்லாத திடலில், நிலம் நனைந்திருந்த காலை நேரத்தில், இருபது, முப்பது, நாற்பது என்று வேகத்தை ஏற்றி ஏற்றிப் பிறேக் போட்டுப் பார்த்தேன். தம்பி வெளியே நின்று சில்லைப் பார்த்தான். முன்சில்லு முதலில் பூட்டியது, பின்சில்லு உருண்டுகொண்டே வந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு எட்டு மூட்டை நெல் ஏற்றி அதையே செய்தோம். நேராக நின்றது.

இறக்குகிற எவரும் ஸ்பனரை எடுக்க முன் பின் ஆக்சிலிலிருந்து மேலே போகிற ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள்: பிறேக் ஹோஸ், ஹேண்ட் பிறேக் கேபிள், இந்த வால்வுக் கம்பி, ஆக்சிலின் மூச்சுக்குழாய். முன்பு யாரோ உயர்த்திய வாகனம் என்றால் இரண்டு தரம் பாருங்கள். அவர் மாற்றியதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்காது.

மிச்ச வேலை சுருக்கம். வீல் அலைன்மென்ட் கட்டாயம். முன்பக்கம் இறங்கும்போது சில்லின் சரிவும் நேரும் இரண்டும் மாறும். வீட்டிலிருந்து யாழ்ப்பாணம் வரை போவதற்காக நூல் கட்டி நேரை மட்டும் ஓரளவு பிடித்துக்கொண்டு போனேன். சரிவைத் திருத்துகிற, கீழ் கையின் கேம் போல்ட் ஒன்று துருவேறிச் சிக்கியிருந்ததால் அலைன்மென்ட் கடையில் அரைநாள் போனது. கசிந்த ஷொக் அப்சோபரை ஜோடியாக மாற்றினேன். பூட்ஸ் இரண்டும் புதிது. ஹெட்லைற்றைச் சுவருக்கு நேரே விட்டுப் பார்த்துத் திருத்தினேன். பழையவர் உயர்த்தியபோது வெளிச்சத்தைக் கீழே இறக்கியிருந்தார், இப்போது அது ரோட்டில் பதினைந்து மீற்றரிலேயே முடிந்தது.

ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். யூ போல்ட்டின் எட்டு நட்டில் ஐந்து, இன்னும் கால் சுற்று இறுகின. புதிய போல்ட் இழுபட்டு உட்காரும்வரை இது இருக்கும், விட்டுவிடக் கூடாது. முன் இடது 499க்கு இறங்கியிருந்தது. வலது அப்படியே. இரு பக்கத்துக்கும் இடையிலான இரண்டு மில்லிமீற்றருக்காக முறுக்குக் கம்பியைத் திரும்பத் தொடவில்லை. மூன்று வாரம் கழித்து மீண்டும் இறுக்கிப் பார்த்தபோது நட் ஒன்றும் அசையவில்லை.

ஆனையிறவில் இப்போது ஒரு கையால் ஓட்டலாம். பாதை வெட்டுகளில் அந்த 'டக்' இல்லை. வயல் பக்கம் போகும்போது முன்பு தாண்டிய ஒரு வாய்க்காலை இப்போது சுற்றித்தான் போக வேண்டும், அடிப்பகுதி தட்டுகிறது. அந்த இழப்பு தெரிந்தேதான் இறக்கினேன்.

சீமெந்துக் கல் கிணற்றடிக்குப் போய்விட்டது. 45 மில்லிமீற்றர் தகட்டை எறியவில்லை. எண்ணெய் தடவி, அதன்மேல் ஆணியால் 'பிறேக் வால்வு, பின் ஆக்சில், உயர்த்தினால் பூட்டவும்' என்று கீறி, வாகனப் புத்தகத்தோடு டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.